மகிழுந்துக் கழகமும் நம் பிள்ளைகளும்



இப்பக்கத்திற்கு வழக்கமாக வருகின்ற ஆசிரியர்களும் பெற்றோரும் இன்றைய தலைப்பைக் கண்டு புருவத்தை உயர்த்தக்கூடும். ஒற்றுமிகுதலும் வாசிப்புப் பழக்கமும் பேசப்படும் இடத்தில் மகிழுந்துக்கு என்ன வேலை? வேலை இருக்கிறது. தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறும் நம் ஆண்பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் அடுத்த பத்தாண்டுகளில் எங்கே, யாருடன், எதைச் செய்துகொண்டு பொழுதைக் கழிக்கிறார்கள் என்பது நம் அனைவரையும் சார்ந்த செய்தி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சிறு நகரிலும் முறையாகப் பதிவுபெற்ற மகிழுந்து ஆர்வலர் கழகம் ஒன்று இருக்க வேண்டும். அதனைத் தொடங்குவதிலும் நடத்துவதிலும் ஆசிரியர்களும் பெற்றோரும் பங்கெடுக்க வேண்டும். தள்ளி நின்று "ஊதாரிக் கூட்டம்" என்று பழிப்பதால் பயன் ஏதும் விளையாது. பேராக் மாநிலத்தின் சிறு நகர் ஒன்றில் அத்தகைய கழகமொன்றின் செயலாளராக ஆறு ஆண்டுகள் இருந்து கண்டவற்றைக் கொண்டே இதனை எழுதுகிறேன்.

ஏன் இந்தப் பேச்சு?

வண்டிமேல் ஆசை கொண்ட பிள்ளையை நாம் எல்லாரும் அறிவோம். நான்காம் ஆண்டிலேயே நோட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வண்டி வரைவான். கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரியோடு நிறுத்துவான். தன் மாமாவின் வண்டியைப் பற்றிக் கேட்டால் மூன்று பக்கம் பேசுவான். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அந்த ஆசை வளரும். வீட்டில் திட்டினால் வீட்டிற்கு வெளியே வளரும். அவ்வளவுதான் வேறுபாடு.

வெளியே என்ன நடக்கிறது? 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜொகூர் பாருவில் பின்னிரவு வேளையில், மாற்றியமைத்த மிதிவண்டிகளோடு சாலையில் இருந்த பிள்ளைகள்மீது மகிழுந்து மோதி எட்டுப் பேர் மாண்டனர். அவர்கள் 13 முதல் 16 வயது வரையிலானவர்கள். அவ்வழக்கு நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நடந்தது. யார்மீது குற்றம் என்ற வாதத்திற்குள் நான் போகவில்லை. ஓர் ஆசிரியராக என்னை உறுத்துவது வேறொன்று. தடுப்புக்கருவியைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி, ஒரு வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றுகின்ற கைத்திறன் அந்த வயதுப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அந்தத் திறனுக்குப் பகலில் இடம் கொடுத்தவர் யார்?

நாட்டின் பொதுநிலையையும் பாருங்கள். 2016-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. முரட்டுத்தனமாகவும் அபாயகரமாகவும் வண்டி ஓட்டிய குற்றத்திற்கு 42-ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்கலாம். பதினெட்டு வயதில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நண்பர்களோடு பந்தயம் ஓடியதற்காக, வேலைக்கு மனுப்போடும் காலத்தில் குற்றப்பதிவைச் சுமக்கும் இளைஞனின் நிலையை எண்ணிப் பாருங்கள். எண்ண வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே ஒருவன் இருப்பான்.

கூட்டம் வேறு, கழகம் வேறு

மாமாக் கடை வாசலில் பத்து வண்டிகளை நிறுத்தி, தே தாரிக் குடித்து, இயந்திரத்தை உறுமவிட்டுக் கலைவது கூட்டம். அதற்குத் தலைவர் உண்டு, விதி கிடையாது. பணம் திரட்டுவார்கள்; கணக்கு கிடையாது. விபத்து நேர்ந்தால் ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள்.

கழகம் என்பது எழுதப்பட்ட விதிகளின்படி நடப்பது. நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி, ஏழு அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்தாலே அது சங்கம் என்னும் வரையறைக்குள் வந்துவிடும். பதிவு பெறாமல் இயங்கும் சங்கம் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதமானது. இதனைப் பலரும் அறியார். பெயர் பொறித்த சட்டையும் வண்டிக் கண்ணாடியில் ஒட்டுவில்லையும் அச்சடித்துவிட்டால் கழகம் பிறந்துவிட்டதாக நினைத்துக்கொள்கின்றனர்.

நாங்கள் தொடங்கியபோது பதினொரு பேர் இருந்தோம். தமிழர் எண்மர், மலாய்க்காரர் இருவர், உதிரிப்பாகக் கடை நடத்தும் சீனர் ஒருவர். முதல் கூட்டத்திலேயே இளைஞர்கள் கேமரன் மலைக்கு வண்டி அணியாகப் போக வேண்டும் என்று துடித்தனர். பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை அணிப்பயணம் இல்லை என்பதுதான் எங்களின் முதல் தீர்மானம். முணுமுணுப்பு எழுந்தது. ஆயினும் அந்தக் காத்திருப்பு மாதங்களில்தான் கழகம் உண்மையில் உருவானது. விதிமுறைகளை ஒவ்வொரு வரியாகப் படித்து விவாதித்தோம். "வாக்குரிமை யாருக்கு?", "இருவர் கையொப்பம் இன்றிப் பணம் எடுக்கலாமா?", "உறுப்பினரை நீக்கும் அதிகாரம் யாருடையது?" என்று, பள்ளியில் குடியியல் பாடத்தில் தூங்கிய இளைஞர்கள் வாதிட்டதை நான் என் கண்ணால் கண்டேன்.

தொடங்க விரும்புவோர்க்கு அனுபவத்தில் கண்ட சில குறிப்புகள்:

1. நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள். "பழைய வண்டிகளைப் பேணுதல், பாதுகாப்பாக ஓட்டுதல், இளையோர்க்குப் பட்டறைத் திறன் கற்பித்தல்" என்பது எங்கள் நோக்கம். இதனுள் அடங்காத எதையும் கழகத்தின் பெயரால் செய்வதில்லை.

2. செயலவையில் மூன்று வகையினர் இருக்கட்டும். வண்டியை அறிந்தவர் ஒருவர், கணக்கு அறிந்தவர் ஒருவர், எழுதத் தெரிந்தவர் ஒருவர். ஆசிரியர்க்கு மூன்றாவது இடம் இயல்பாகப் பொருந்தும்.

3. தணிக்கையாளர் செயலவைக்கு வெளியிலிருந்து வரட்டும். பொருளாளரின் மைத்துனர் வேண்டா.

4. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பிவிடுங்கள். நம் சங்கங்கள் பல வீழ்ந்தது சண்டையால் அன்று. அனுப்ப வேண்டியதை அனுப்பாமையால்தான்.

5. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோருடன் விருந்தினராக வரட்டும். உரிமம் பெற்று ஈராண்டு நிறையாமல் 'பி' ஒட்டி ஓட்டுபவர் அணியை வழிநடத்த வேண்டா.

மாலையும் மேடையும் வேண்டா

இது சற்றுக் கசப்பான பகுதி. பொறுத்தருள்க.

நம் சமுதாயத்தில் சங்கம் தொடங்கிய மூன்றாம் மாதம் திறப்பு விழா. ஐந்தாம் மாதம் பிரமுகருக்குப் பொன்னாடை. பிரமுகர் தாமதமாக வருவார். பிள்ளைகள் வெயிலில் காத்திருப்பர். மாதிரிக் காசோலையைப் பிடித்துப் படம் எடுப்பர். அடுத்த தேர்தலுக்குள் சங்கம் இரண்டாகப் பிளவுபடும். இதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்!

எங்கள் கழகத்திற்கும் அத்தகைய அழைப்பு வந்தது. அரசியல் சார்ந்த ஒருவர் பெருந்தொகை தர முன்வந்தார். வண்டிகளின் பின்கண்ணாடியில் தம் படத்தை ஒட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வண்டிகளின் ஒலிப்போக்கியை மாற்றித்தரும் கடைக்காரர் ஒருவர் இலவசமாகச் சட்டை அச்சடித்துத் தருவதாகச் சொன்னார். இரண்டையும் செயலவை மறுத்தது. மாதச் சந்தா பத்து வெள்ளி. அதில் என்ன முடியுமோ அதை மட்டும் செய்தோம். முதல் ஆண்டில் எங்கள் சொத்து ஒரு தீயணைப்புக் குடுவை, இரண்டு தூக்கி, ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு கணக்குப் புத்தகம். அந்தக் கணக்குப் புத்தகம் ஒவ்வொரு மாதமும் மேசைமேல் திறந்து வைக்கப்பட்டது. யாரும் புரட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் யாரும் புரட்டவில்லை. ஆனால் திறந்து இருந்தது.

பிள்ளைகள் பெரியவர்களின் பேச்சைக் கேட்பதைவிட அவர்கள் பணத்தைக் கையாளும் முறையைக் கூர்ந்து பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம். நேர்மையான கணக்கை ஒரு முறையேனும் நேரில் கண்ட பிள்ளை, பின்னாளில் கோயில் நிர்வாகத்திலோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ அமரும்போது அதையே எதிர்பார்ப்பான்.

சாலையில் கழகத்தின் முகம்

பொதுமக்கள் மகிழுந்துக் கழகத்தை வெறுப்பதற்கு முதன்மைக் காரணம் அணிப்பயணம். முப்பது வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டிச் செல்லும்; சந்திப்பில் ஒருவர் இறங்கி நின்று மற்ற வண்டிகளைத் தடுப்பார்; அனைவரும் அபாய விளக்கை மினுக்கிக்கொண்டு போவார்கள். சாலை தங்கள் பாட்டன் சொத்து என்னும் நினைப்பு. இதனைச் செய்யும் கழகத்தை நான் ஆதரிக்கவில்லை.

எங்கள் விதி எளிது. ஓர் அணியில் ஐந்து வண்டிகளுக்கு மேல் இல்லை. அணிகளுக்கு இடையே பத்து நிமிட இடைவெளி. முன்னே ஒருவர் வழிகாட்டுவார்; கடைசியில் கருவிப் பெட்டியோடு ஒருவர் வருவார். சமிக்ஞை விளக்கில் பிரிந்தால் பிரிந்ததுதான். அடுத்த நிறுத்தத்தில் சேர்ந்துகொள்ளலாம். ஓடும் வண்டியில் அபாய விளக்கைப் போடக் கூடாது. போட்டால் வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. கனமழையில் நம்மவர்கள் செய்யும் பெரும்பிழை இது.

இதிலே கணிதமும் உண்டு. நாட்டின் கூட்டரசுச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடுகிறது. முன்வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளி என்றால் 50 மீட்டர். "ஐம்பது மீட்டர் எவ்வளவு தூரம்?" என்று பள்ளித் திடலில் பிள்ளைகளை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வண்டியில் பின்னிருக்கையில் அமர்ந்து அவர்களே சொல்வார்கள், "அப்பா, ரொம்பக் கிட்டக்கப் போறீங்க" என்று. எனக்கு இதுபற்றிப் பெற்றோர் இருவரிடமிருந்து புகார் வந்தது. அப்புகாரை நான் பரிசாகவே எடுத்துக்கொண்டேன்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய மலைச்சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுக்கு வளைவு. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். தாழ்ந்த கியருக்கு மாறி, இயந்திரத்தின் இழுப்பையே தடுப்பாகக் கொண்டு இறங்க வேண்டும். இதனைத் தெரியாமல் உரிமம் பெற்றவர்கள் ஏராளம். கழகத்தின் மூத்த உறுப்பினர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இளைஞன் ஒருவன் அருகில் அமர்ந்து இதைக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தபோது, குருகுலம் என்பது இதுதானோ என்று தோன்றியது.

பட்டறையில் பாடம்

பழைய வண்டிகளை ஏன் பேண வேண்டும்? பழம்பெருமைக்காக அன்று, கற்பிக்க எளிது என்பதற்காக. புரோட்டோன் நிறுவனம் 1983-இல் தோன்றியது. அதன் முதல் வண்டியான சாகா 1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் வெளியீடு கண்டது. மிட்சுபிஷி லான்சரை அடியொற்றிய அந்த வண்டியில் 1.3 லிட்டர் இயந்திரம், கார்புரேட்டர். முன்மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். 1994-இல் வந்த பெரோடுவா காஞ்சில் 660 சிசி இயந்திரம் கொண்ட சிறு வண்டி. தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த நம் குடும்பங்கள் பலவற்றின் முதல் மகிழுந்து இவ்விரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

தமிழாசிரியர்க்கு இங்கும் ஒரு விருந்து இருக்கிறது. சாகா என்பது ஒரு விதையின் பெயர். நம் முன்னோர் மஞ்சாடி என்று அழைத்த அதே சிவந்த விதைதான். இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி என்று பொற்கொல்லர் நிறுத்தார்கள். காஞ்சில் என்பது சருகுமான். இதனை ஒரு பட்டறை நாளில் சொன்னபோது, தமிழ்மொழிப் பாடத்தில் என்னிடம் ஒருநாளும் வினாத் தொடுக்காத முன்னாள் மாணவன் ஒருவன், "சார், அப்போ மைவிக்கு என்னா சார்?" என்று கேட்டான். பாடம் எங்கே தொடங்கும் என்று யார் கண்டார்?

மாதம் ஒரு ஞாயிறு, காலைப் பசியாறிய பின், உறுப்பினர் ஒருவரின் பட்டறை முற்றத்தில் கூடுவோம். கற்பிப்பவை எளியவை: எண்ணெய் மாற்றுதல், குளிர்விப்பானின் நீரைச் சரிபார்த்தல், மாற்றுச் சக்கரம் பொருத்துதல். இவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். உங்கள் வண்டிச் சக்கரத்தின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் அந்த டயர் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளத்தின் ஆழம் நன்றாக இருந்தாலும் ரப்பர் காலத்தால் இறுகி வெடிப்பு விடும். பள்ளத்திற்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். தேய்ந்து அந்த மேட்டின் அளவுக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிஞ்சியுள்ளது. டயரை மாற்றிவிட வேண்டும். இதைப் படித்து முடித்ததும் போய்ப் பாருங்கள். பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள்.

இந்தப் பாடத்திற்கு முதலில் வந்தவர்கள் ஆண்கள் மட்டுமே. ஓராண்டு கழித்துத் தாய்மார்கள் நால்வர் வந்தனர். அவர்களுள் ஒருவர் தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். இரவு வேலை முடிந்து நெடுஞ்சாலையில் தனியாக வருபவர். சக்கரத்தைத் தாமே கழற்றி மாட்டிய அன்று அவர் முகத்தில் கண்ட தெளிவை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் நான் கண்டதில்லை.

தொழிலுக்கும் இதில் வழி உண்டு. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். வாகனத் துறையில் நிலை நிலையாக வழங்கப்படுகிறது. "படிக்காதவன் போகும் இடம்" என்று தொழிற்பயிற்சியை இன்றும் இகழும் பெற்றோர் உள்ளனர். மின்சார வண்டிகளின் காலம் தொடங்கிவிட்டது; புரோட்டோனே 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 என்னும் மின்வண்டியை வெளியிட்டது. இனிப் பட்டறைக்குச் செல்பவன் கணினியும் மின்னியலும் அறிந்திருக்க வேண்டும். அதற்கு ஆங்கிலமும் மலாயும் கணிதமும் வேண்டும். இதனை நான் சொன்னால் பிள்ளைகளுக்கு அறிவுரை. பட்டறைக்காரர் சொன்னால் தகவல். கழகத்தில் அவர்தாம் சொல்கிறார்.

வேகத்தை விரும்புபவனுக்கும் விடை உண்டு. 2002-ஆம் ஆண்டு உலக ரேலிப் போட்டியின் உற்பத்தி வண்டிப் பிரிவில் வாகை சூடியவர் நம் நாட்டுக் கரம்ஜிட் சிங். அவர் ஓட்டியது புரோட்டோன் பெர்ட். செப்பாங் பந்தயத் தடம் 1999 முதல் இருக்கிறது. வேகத்திற்கு உரிய இடமும் உரிய தலைக்கவசமும் உரிய விதியும் உண்டு. தாமான் சாலை அதற்குரிய இடம் அன்று என்று காட்டுவதற்கு இப்பெயரும் இத்தடமும் போதும்.

விதியைக் காத்தால் ஆள் குறையும்

இனிமையானவற்றை மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. மூன்றாம் ஆண்டில் எங்கள் கழகம் உடையும் நிலைக்கு வந்தது. கழகத்திலேயே மிகவும் விரும்பப்பட்ட இளைஞர் ஒருவர், கைதேர்ந்த மெக்கானிக், நள்ளிரவில் தொழிற்பேட்டைச் சாலையில் பணம் கட்டிப் பந்தயம் ஓடியது தெரியவந்தது. வண்டியில் கழகத்தின் ஒட்டுவில்லை இருந்தது. விதிமுறையில் இதற்கு நீக்கம் என்றே எழுதியிருந்தோம்.

செயலவை இரண்டு மணி நேரம் விவாதித்தது. "அவன் போனால் பட்டறை நாளை யார் நடத்துவது?" என்றார் ஒருவர். "நம்ம பையன், எச்சரித்து விடுவோம்" என்றார் இன்னொருவர். அப்போது உதிரிப்பாகக் கடைக்காரர் கேட்டார்: "அடுத்த வாரம் அவன் ஒரு பிள்ளையை மோதினால், நமக்குத் தெரியும் என்று சொல்வோமா, தெரியாது என்று சொல்வோமா?" பிறகு எவரும் பேசவில்லை. வாக்கெடுப்பில் நீக்கம் முடிவாயிற்று. அவரோடு நான்கு பேர் விலகினர். அவர் திரும்பி வரவில்லை. வழியில் கண்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதன் வலி எனக்கு உண்டு. ஏனெனில் அவர் என்னிடம் ஆத்திசூடி படித்த பிள்ளை.

ஆனால் அடுத்த மாதம் மூன்று குடும்பங்கள் புதிதாகச் சேர்ந்தன. அவர்களுள் ஒரு தாய் சொன்னது: "சார், எம்மவன் வண்டிய விட்டுட்டு இருக்கவே மாட்டான். உங்க எடத்துல இருக்கான்னு தெரிஞ்சா நான் நிம்மதியா தூங்குவேன்." ஒரு கழகத்திற்கு இதைவிட வேறு சான்றிதழ் என்ன வேண்டும்? அந்தத் தூக்கத்திற்கு நாங்கள் பொறுப்பு. அதனால்தான் விதியை வளைக்க முடியவில்லை.

மறுப்புகளும் என் மறுமொழியும்

"படிப்பு கெட்டுவிடும்" என்பது முதல் மறுப்பு. மாதத்தில் ஒரு ஞாயிறு அரைநாளால் கெடும் படிப்பு வேறு எதனாலும் கெடும். பதின்ம வயதினர் தேர்வுக் காலத்தில் வரக் கூடாது என்று விதி வைக்கலாம். எங்களிடம் அவ்விதி இருக்கிறது.

"செலவு மிகுந்த பொழுதுபோக்கு" என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது. பளபளக்கும் சக்கரத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் சம்பளத்தைக் கொட்டிக் கடனில் மூழ்கும் இளைஞர்களை அறிவேன். கழகம் இதனை ஊக்குவிக்கலாம், தடுக்கவும் செய்யலாம். எங்கள் காட்சிநாளில் அதிகம் செலவிட்ட வண்டிக்குப் பரிசு இல்லை. நன்கு பராமரிக்கப்பட்ட, மாற்றமில்லா வண்டிக்கே பரிசு. அனுமதியற்ற மாற்றங்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அபராதத்தைத் தரும். காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமளிக்கும். இதனை உறுப்பினர் படிவத்திலேயே அச்சிட்டுள்ளோம்.

"தமிழர்க்கு மட்டும் என்று வைத்திருக்கலாமே" என்பது மூன்றாவது. மொழிக்காகவும் பண்பாட்டுக்காகவும் நமக்கென அமைப்புகள் தேவை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சாலை எல்லார்க்கும் பொது. நம் பிள்ளைகள் மலாய்க்கார மெக்கானிக்கிடமும் சீனக் கடைக்காரரிடமும் மரியாதையாகப் பழகி, அவர்களின் மரியாதையைப் பெறுவது சிறிய பயனன்று. நாங்கள் கூட்டக் குறிப்பை மலாயில் எழுதுகிறோம். தமிழ் உறுப்பினர்க்குத் தமிழிலும் ஒரு படி தருகிறோம். பத்துக் காஜா அருகே கெல்லி மாளிகைக்குச் சென்றபோது, அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் கூரையில் வெள்ளை உடையில் நிற்கும் கெல்லி ஸ்மித்தின் உருவத்தைக் காட்டி, அம்மாளிகையை எழுப்பிய தமிழ்த் தொழிலாளர்களின் கதையை எல்லா இன உறுப்பினர்க்கும் சொன்னவன் நம் தமிழ்ப்பள்ளியில் படித்த இளைஞன். அவன் சொன்னது தேசிய மொழியில், பெருமை தமிழுக்கு.

நாம் செய்யக்கூடியது

ஆசிரியர்களே, உங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு வண்டிக்கூட்டம் இருக்கும். அவர்களுள் பாதிப் பேர் உங்கள் மாணவர்களாக இருந்திருப்பர். ஒரு மாலை போய் அமருங்கள். அறிவுரை சொல்ல வேண்டா. வண்டியைப் பற்றிக் கேளுங்கள். பிறகு, "இதை முறையாகப் பதிவு செய்யலாமா? எழுத்து வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். படிவத்தைக் கண்டு அஞ்சுவதால்தான் பல நல்ல முயற்சிகள் மாமாக் கடை மேசையோடு நின்றுவிடுகின்றன. படிவம் நிரப்புவது நமக்குப் பழகிய தொழில்தானே!

பெற்றோர்களே, பதினேழு வயதில் மகனுக்கு மகிழுந்து உரிமம் எடுக்கப் பணம் கட்டுகிறீர்கள். அதற்குப் பிறகு அவனுக்கு ஓட்டுவதைக் கற்பிப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு அவன் நண்பர்களா, ஞாயிறு காலையில் பொறுப்புள்ள பெரியவர்களா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். அப்பெரியவர்களுள் ஒருவராக நீங்களே இருக்கலாம். ஏழு பேர் போதும். உங்கள் தாமானிலேயே அவர்கள் இருப்பார்கள்.

உங்கள் ஊரில் இப்படியொரு கழகம் இருந்தால் அதன் நிறைகுறைகளை எனக்கு எழுதுங்கள். புதிதாகத் தொடங்க எண்ணுவோர் கேட்டால், எங்கள் விதிமுறைகளின் படியொன்றை அனுப்பி வைக்கிறேன். பெயரை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கணக்கு பற்றிய விதிகளை மட்டும் மாற்றாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியர்